நரம்பின் கையில் மதகு: அந்துப்பூச்சியின் ஹார்மோன்கள் எப்போது வெளிவருகின்றன?

சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிறது அண்ணனூர். புறநகர் மின்ரயில்களைப் பராமரிக்கும் பணிமனை இங்கே இருப்பதால் இரவிலும் விளக்குகள் எரியும் ஊர். வீட்டு வாசல்களில் நந்தியாவட்டையும் அரளியும் நிற்கின்றன. அந்த இலைகளைத் தின்று விரல் பருமனுக்கு வளரும் பச்சைப் புழுவைப் பலர் பார்த்திருப்பார்கள். தலைக்குச் சற்றுப் பின்னால் நீலக் கண்களைப் போல இரண்டு புள்ளிகள் இருக்கும். டாப்னிஸ் நெரி என்று விலங்கியலார் அழைக்கும் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. மேற்கே திருவள்ளூர்ப் பக்கம் போனால் தக்காளியிலும் வெண்டையிலும் ஓட்டை போடும் காய்ப்புழு, ஆமணக்கு இலையைச் சல்லடையாக்கும் புரோடீனியா. பகலில் இவை புழுவாகக் கண்ணில் படுகின்றன. இவற்றின் வளர்ந்த வாழ்க்கை பெரும்பாலும் இருட்டில் நடக்கிறது; சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ முடிந்தும் விடுகிறது.

அந்தக் குறுகிய காலத்துக்குள் ஒரு பூச்சி பல வேலைகளைச் சரியான வரிசையில் முடித்தாக வேண்டும். கூட்டுப்புழுவின் ஓட்டை உடைத்து வெளிவர வேண்டும், சிறகை விரிக்க வேண்டும், துணையை அழைக்க வேண்டும், இணைசேர வேண்டும், முட்டையிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஹார்மோன் தேவை. ஆனால் ஹார்மோன் உடலில் இருந்தால் மட்டும் போதாது, வேளை பார்த்து வெளிவர வேண்டும். அந்த வேளையைக் குறிப்பது நரம்பு. கடந்த நூறாண்டு ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொது விதி தெரிகிறது. அந்துப்பூச்சி தன் ஹார்மோனைப் பெரும்பாலும் முன்கூட்டியே செய்து சேமித்துவிடுகிறது. நரம்பின் முக்கிய வேலை அதைப் பிடித்து வைத்திருப்பதும், உலகம் தரும் சாட்சியங்கள் ஒத்துவரும்போது விடுவிப்பதும், வேலை முடிந்ததும் அடைப்பதும். ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் மதகைத் திறப்பவர் கையில்தான் பாசனம் இருக்கிறது அல்லவா, அதே ஏற்பாடு.

மூளையும் ஒரு சுரப்பி

மூளை ஹார்மோன் சுரக்கும் என்பதற்கான முதல் சோதனைச் சான்றே ஓர் அந்துப்பூச்சியிடமிருந்துதான் கிடைத்தது. போலந்து நாட்டு விலங்கியலர் ஸ்டெஃபான் கோபெச், ஜிப்சி அந்துப்பூச்சியின் புழுக்களில் அறுவை செய்து தன் முடிவுகளை 1917 இலும் 1922 இலும் வெளியிட்டார். உரிய காலத்துக்கு முன் மூளையை நீக்கினால் புழு கூட்டுப்புழுவாக மாறவில்லை. நரம்பை மட்டும் வெட்டினால் மாற்றம் தடைபடவில்லை. ஆகவே மூளை நரம்புவழிக் கட்டளையால் இதைச் செய்யவில்லை, இரத்தத்தில் எதையோ கலக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். நரம்பு செல் ஹார்மோன் சுரக்கும் என்பதை அக்கால உடலியலார் எளிதில் ஏற்கவில்லை. முதுகெலும்பிகளில் எர்ன்ஸ்ட் ஷாரரும் பூச்சிகளில் பெர்த்தா ஷாரரும் செய்த ஆய்வுகளுக்குப் பிறகே அந்தக் கருத்து வேரூன்றியது.

வளர்ந்த அந்துப்பூச்சியின் தலைக்குள் இந்த ஏற்பாட்டின் உறுப்புகள் சிலவே. உணவுக்குழாய்க்கு மேலே மூளை, கீழே இன்னொரு நரம்பு முடிச்சு. இரண்டையும் இருபுறமும் நரம்பு இணைப்புகள் சேர்க்கின்றன. மூளையிலும் கீழ் முடிச்சிலும் நரம்புச் சுரப்பு செல்கள் இருக்கின்றன. சாதாரண நரம்பு செல்லைப் போலவே இவற்றிலும் மின் துடிப்பு ஓடும். ஆனால் இழையின் நுனி அடுத்த நரம்பில் முடியாமல், மூளைக்குப் பின்னால் உள்ள கார்ப்போரா கார்டியாக்கா என்ற சிறிய உறுப்பில் முடிகிறது. அங்கே பெப்டைடு ஹார்மோன்கள் நுண்ணிய மணிகளாகக் காத்திருக்கின்றன. மின் துடிப்பு நுனியை எட்டும்போது கால்சியம் உள்ளே பாய, மணிகள் உடைந்து இரத்தத்தில் கலக்கின்றன. பக்கத்திலேயே கார்ப்போரா அல்லாட்டா என்ற இன்னொரு சுரப்பி ஒட்டியிருக்கிறது. இளம்பருவ ஹார்மோனைச் செய்வது அது. அதன் வேகத்தையும் மூளையின் பெப்டைடுகள் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. வேகம் கூட்டும் அல்லாட்டோட்ரோபின் 1989 இல் புகையிலைப் பருந்து அந்துப்பூச்சியின் தலைகளிலிருந்து பிரிக்கப்பட்டது; குறைக்கும் அல்லாட்டோஸ்டேட்டின் 1991 இல் அதே பூச்சியில் விவரிக்கப்பட்டது.

வெளிவரும் நேரம், சிறகு விரியும் இடம்

ஹார்மோன் வெளியேறும் நேரத்தை மூளை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை ஜேம்ஸ் ட்ரூமனும் லின் ரிடிஃபோர்டும் 1970 இல் அழகான சோதனையில் காட்டினார்கள். பெரிய பட்டு அந்துப்பூச்சிகளில் செக்ரோபியா இனம் முற்பகலில் கூட்டிலிருந்து வெளிவரும். பெர்னி இனம் பகல் முடியும் வேளையில் வரும். மூளையை நீக்கினால் பூச்சி வெளிவரத்தான் செய்தது, ஆனால் நேரக் கணக்கு குலைந்துபோனது. மூளையை எடுத்து வயிற்றுக்குள் வைத்துத் தைத்தபோது நேர ஒழுங்கு திரும்பியது. ஒரு இனத்தின் மூளையை மற்றொன்றின் வயிற்றில் வைத்தால், மூளை எந்த இனமோ அந்த இனத்தின் நேரத்தில் பூச்சி வெளிவந்தது. நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாத மூளை இதைச் செய்ததால், நேரத்தை அறிவிப்பது ஹார்மோன் என்பது உறுதியானது. ஓடு உடைப்பு ஹார்மோன் என்று இன்று அறியப்படுவது அதுதான். கடிகாரமும் ஒளியை உணரும் திறனும் மூளைக்குள்ளேயே இருக்கின்றன.

வெளிவந்த பிறகு அடுத்த தடை. சிறகு அப்போது கசங்கிய துணுக்காகத்தான் இருக்கும். அதில் இரத்தத்தை அழுத்தி விரித்து, பிறகு இறுக வைக்க வேண்டும். இறுக வைப்பது பர்சிகான் என்ற ஹார்மோன். புகையிலைப் பருந்து அந்துப்பூச்சி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. மண்ணைத் துளைத்து மேலே வந்து, ஏதாவது ஒன்றில் ஏறித் தொங்க இடம் கிடைத்த பிறகுதான் அது சிறகை விரிக்கும். வெளிவந்த பூச்சியை மண் தோண்டும் நிலையிலேயே இருத்தி வைத்தால் பர்சிகான் வெளியேறுவது தள்ளிப்போகிறது என்று ட்ரூமன் 1973 இல் காட்டினார். ஹார்மோன் தயாராக இருக்கிறது. கால்கள் பிடிமானம் கிடைத்ததைச் சொல்லும்வரை நரம்பு அதை விடுவதில்லை. மண்ணுக்கடியில் சிறகு இறுகிவிட்டால் அந்தப் பூச்சி ஒருநாளும் பறக்காது.

இரவில் அழைக்கும் பெண்

வேளாண்மைக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். பெண் அந்துப்பூச்சி வயிற்றின் நுனியில் உள்ள சுரப்பியை வெளியே நீட்டி இனக்கவர்ச்சி வாசனையைக் காற்றில் விடும். ஆண் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்துப் பறந்து வரும். இத்தகைய வாசனைகளில் முதலில் வேதியியல் வடிவம் கண்டறியப்பட்டது பட்டுப்புழுவின் பாம்பிகால். 1959 இல் அடால்ஃப் பூட்டெனாண்ட் குழு ஏறத்தாழ 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து அதைப் பிரித்தது. ஆனால் சுரப்பிக்குக் கட்டளை இடுவது யார் என்பது அடுத்த கால் நூற்றாண்டுக்குத் திறந்த கேள்வியாகவே இருந்தது.

விடை அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்திலிருந்து வந்தது. அசோக் ரைனாவும் ஜெரோம் கிளூனும் 1984 இல் ஹெலிகோவெர்பா சியா என்ற சோளக்கதிர்ப் பூச்சியில் ஆய்வு செய்தார்கள். தக்காளி, பருத்தி, துவரை என்று நம் வயல்களைத் தாக்கும் ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராவின் நெருங்கிய உறவு அது. தலைக்கும் மார்புக்கும் இடையே கட்டுப் போட்டால் பெண்ணில் வாசனை உற்பத்தி நின்றது. மூளைச் சாற்றைச் செலுத்தினால் மறுபடி தொடங்கியது. முக்கியமான கண்டுபிடிப்பு இதற்கு அடுத்தது: அந்தப் பொருள் பகல் நேரத்துப் பூச்சியின் தலையிலும் இருந்தது, இரத்தத்தில் மட்டும் அது இரவில்தான் தென்பட்டது. அதாவது பகலிலும் கையிருப்பு உண்டு, வெளியேற்றம் இல்லை.

1989 இல் அந்தப் பொருளின் அமைப்பு வெளியானது: 33 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. பெரோமோன் உற்பத்தியைத் தூண்டும் நரம்புப் பெப்டைடு என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக அதைப் பிபிஏஎன் என்கிறார்கள். கடைசி ஐந்து அமினோ அமிலங்கள் மட்டுமே இருந்தாலும் சுரப்பி ஓரளவு இயங்குகிறது. இதைச் செய்யும் செல்கள் உணவுக்குழாய்க்குக் கீழுள்ள முடிச்சில் மூன்று சிறு கூட்டங்களாக இருக்கின்றன. 1998 இல் தோஷியோ இச்சிகாவா பட்டு அந்துப்பூச்சியில் இந்தச் செல்களின் மின் துடிப்பையே நேரடியாகப் பதிவு செய்தார். அவற்றின் துடிப்பு பெண் அழைக்கும் நடத்தையோடு சேர்ந்து எழுந்தது; இணைசேர்ந்த பிறகு அடங்கியது. இரவு, பகல், இணைசேர்க்கை என்று தனித்தனியாக எழுதப்பட்ட குறிப்புகள் ஒரு செல்லின் துடிப்பில் வந்து சேர்ந்த இடம் அது.

எல்லா இனங்களிலும் பாதை ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காய்ப்புழு இனங்களில் இரத்தம் வழியாக வரும் பிபிஏஎன் சுரப்பியை நேரடியாகத் தூண்டுகிறது என்பது ஒரு தரப்பு. வயிற்றுப்புற நரம்பு வடமும், ஆக்டோபமின் என்ற நரம்பு வேதியும் சேர்ந்தே சுரப்பியை இயக்குகின்றன என்று பீட்டர் டீலும் ஜேம்ஸ் டம்லின்சனும் 1989 முதல் வாதிட்டார்கள். ஜிப்சி அந்துப்பூச்சியில் அந்த நரம்பு வடத்தை வெட்டினால் வாசனை உற்பத்தி நின்றுவிடுகிறது. அங்கே நரம்பு கட்டாயம். இந்த வழக்கு முழுதும் தீரவில்லை. ஆனால் இரு தரப்பிலும், கடைசி முடிவு சுரப்பியிடம் இல்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

செடி இருந்தால்தான் அழைப்பு

இருட்டு மட்டும் போதாத இனங்களும் உண்டு. ரிடிஃபோர்டும் கரோல் வில்லியம்ஸும் 1967 இல், பாலிஃபீமஸ் என்ற பட்டு அந்துப்பூச்சியின் பெண், ஓக் இலையின் வாசனை கிடைத்த பிறகுதான் அழைப்பதாகக் கண்டார்கள். 1971 இல் அதன் பாதையையும் வரைந்தார்கள்: உணர்கொம்பு வாசனையைப் பிடிக்கிறது, சேதி மூளைக்குப் போகிறது, மூளையிலிருந்து கார்ப்போரா கார்டியாக்காவுக்கு நரம்பு வழி போகிறது, அங்கிருந்து ஹார்மோன் வெளியேறுகிறது. அந்த உறுப்பை நீக்கினாலோ அதற்கு வரும் நரம்பை அறுத்தாலோ அழைப்பு இல்லை. ஓக் இலை அத்தனை கட்டாயமா என்பதில் பின்னர் சர்ச்சை எழுந்தது. ஆனால் வெளி உலகின் சேதி நரம்பு வழி ஹார்மோனாக மாறும் சங்கிலியை வளர்ந்த பூச்சியில் ஒவ்வொரு கண்ணியாகத் தேடிய முன்னோடிப் பணி அது.

ரைனா, திமோத்தி கிங்கன், அவ்தார் மட்டூ ஆகியோர் 1992 இல் இதே கேள்வியைச் சோளக்கதிர்ப் பூச்சியிடம் கேட்டார்கள். புழுக்களுக்கு உணவாகும் செடி கிடைக்கும்வரை பெண் தன் இனப்பெருக்க வேலையைத் தள்ளிவைக்கிறது. மக்காச்சோளக் கதிரின் பட்டிழைகளிலிருந்து வரும் வாசனை கிடைத்ததும் பெரோமோன் உற்பத்தி தொடங்குகிறது. அந்த வாசனைகளில் ஒன்று எத்திலீன். கோயம்பேட்டுப் பழக் கிடங்குகளில் காயைப் பழுக்க வைக்கப் பயன்படும் அதே வாயு. இந்தப் பூச்சியின் புழுக்கள் பல வகைச் செடிகளின் காயையும் கதிரையும் தின்பவை; ஒவ்வொரு செடியின் தனி வாசனையைத் தேடுவதை விட, காய் பழுக்கும் இடமெல்லாம் வெளிவரும் ஒரு பொது வாயுவை அடையாளமாக வைத்துக்கொள்வது பூச்சிக்கு லாபம். எத்திலீன் என்ற செடி ஹார்மோன், பூச்சியின் நரம்பைக் கடந்து, பூச்சியின் ஹார்மோனைத் திறந்துவிடுகிறது.

இணைசேர்ந்த பின் அடைப்பு

அழைப்பதில் ஆபத்தும் உண்டு. வேட்டையாடும் உயிர்களும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அந்த வாசனையைப் பின்தொடரக்கூடும். இணைசேர்ந்த பிறகு வாசனையை விடுவது வீண். சோளக்கதிர்ப் பூச்சியில் இணைசேர்ந்த சில மணி நேரத்தில் பெரோமோன் அளவு சரிகிறது. ஆணின் துணைச் சுரப்பியிலிருந்து பெண்ணுக்குள் போகும் ஒரு பெப்டைடுக்கு இதில் பங்கு உண்டு என்று 1995 இல் கிங்கன் குழு காட்டியது.

பட்டு அந்துப்பூச்சியில் நரம்பின் பங்கு இன்னும் தெளிவு. வயிற்றுப்புற நரம்பு வடத்தை முன்பே வெட்டிவிட்டால், இணைசேர்ந்த பெண்ணும் தொடர்ந்து பெரோமோன் செய்கிறது. வெட்டாத, இணைசேர்ந்த பெண்ணுக்குப் பிபிஏஎன் செலுத்தினால் சுரப்பி மறுபடி வேலை செய்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விடை கிடைக்கிறது: சுரப்பி சோர்ந்துபோகவில்லை. இனப்பெருக்கப் பாதையிலிருந்து எழுந்த சேதி நரம்பு வடத்தில் தலைக்கு ஏறி, ஹார்மோன் வெளியேற்றத்தை அடைத்திருக்கிறது.

ஆணிலும் ஒரு அடைப்பு உண்டு. மலைப் பகுதிகளில் உருளைக்கிழங்கைத் தாக்கும் கரும் வெட்டுப்புழுவின் வளர்ந்த ஆண், இளம்பருவ ஹார்மோன் ஏற ஏறப் பெண்ணின் வாசனைக்குக் கூடுதலாக மயங்குகிறது. சில்வியா ஆன்டன், கிறிஸ்டோஃப் கடென் ஆகியோரின் ஆய்வுகளில், உணர்கொம்பின் கூர்மை மாறவில்லை. வாசனையை அலசும் மூளைப் பகுதியின் செல்கள்தான் கூர்மையடைந்தன. இணைசேர்ந்த ஆண் அன்றிரவு அதே வாசனைக்குச் செவிசாய்ப்பதில்லை என்றும், அங்கும் மூளைதான் காதை மூடிக்கொள்கிறது என்றும் 2001 இல் அவர்கள் எழுதினார்கள். பெண்ணில் நரம்பு ஹார்மோனை ஆள்கிறது. ஆணில் ஹார்மோன் திரும்பி வந்து நரம்பை ஆள்கிறது.

ஓசூரின் முட்டைகள்

நரம்பு பிடித்து வைக்கும் வேலையைத் தமிழ்நாட்டில் தினசரித் தொழிலாகச் சந்திப்பவர்கள் பட்டுப்புழு முட்டை தயாரிப்பவர்கள். ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் பட்டுப்புழு மரபுவள மையம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் வெண்பட்டுக்கூடு வளர்ப்புக்குப் பெயர்பெற்றவை. வெண்கூடு தரும் இனங்கள் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை வாழப் பழகிய குளிர்நாட்டு மரபைச் சேர்ந்தவை. அவற்றின் முட்டை உடனே பொரிக்காது, உறங்கும். மைசூர் இனம் போன்ற பல தலைமுறை இனங்களின் முட்டை உறங்காது.

உறக்கத்தை முடிவு செய்வது முட்டையல்ல, தாய். தாய் முடிவு செய்வதும் தன் இன்றைய அனுபவத்தை வைத்து அல்ல. தான் முட்டைக்குள் கருவாக இருந்தபோது பட்ட வெப்பத்தை வைத்து. 25 டிகிரியில் அடைகாக்கப்பட்ட கரு, வளர்ந்து தாயானதும் உறங்கும் முட்டைகளை இடுகிறது. 15 டிகிரியில் வைத்த கரு, உறங்காத முட்டைகளை இடுகிறது. கருவின் வெப்ப உணர்வுக்கு டிஆர்பிஏ1 என்ற புரதம் பொறுப்பு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014 இல் காட்டினார்கள். நான்கு முறை தோலுரித்து, கூடு கட்டி, உருமாறிய பிறகும் அந்த நினைவு அழிவதில்லை.

நினைவு செயலாகும் இடம் மறுபடியும் உணவுக்குழாய்க்குக் கீழுள்ள முடிச்சு. உறக்க ஹார்மோன் அங்கே உண்டாகிறது என்பதை ஃபுகுதாவும் ஹசெகாவாவும் 1951 இல் தனித்தனியாகக் கண்டார்கள். தாய் கூட்டுப்புழுவாக இருந்து அந்துப்பூச்சியாக உருவாகும் நாட்களில் அது இரத்தத்தில் கலந்து, வளரும் முட்டைகளை எட்டுகிறது. உறங்காத முட்டை இடவேண்டிய தாயில் மூளைக்கும் அந்த முடிச்சுக்கும் இடையிலான நரம்பை ஃபுகுதா அறுத்தார். அவள் உறங்கும் முட்டைகளை இட்டாள். ஹார்மோன் அவளிடமும் இருந்தது. மூளை நரம்பு வழி பிடித்து வைத்திருந்தது. காபா என்ற தடுப்பு வேதி அந்தப் பிடியில் ஈடுபடுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 1990களின் தொடக்கத்தில் இன்னொரு வியப்பு வந்தது: 24 அமினோ அமிலங்கள் கொண்ட உறக்க ஹார்மோனும் பிபிஏஎன்னும் ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன, மேலும் மூன்று பெப்டைடுகள் அவற்றோடு உடன்பிறந்தவை. ஒரே மரபணுவின் சரக்கு, முடிச்சின் வேறு வேறு செல்களில், வேறு வேறு வேளைகளில், வேறு வேறு நரம்புச் சேதிகளால் விடுவிக்கப்படுகிறது.

முட்டை தயாரிப்பவர் இதற்குக் கண்ட தீர்வு நரம்பைத் தொடாமலே விளைவை மாற்றுவது. இட்டு ஏறத்தாழ 20 மணி நேரமான முட்டைகளை, 1.075 ஒப்படர்த்தி கொண்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 46.1 டிகிரியில் 5 நிமிடம் அளவுக்கு அமிழ்த்திக் கழுவினால் உறக்கம் நுழைவதற்கு முன்பே தடுக்கப்படுகிறது. விவசாயிக்குப் பருவம் பார்க்காமல் முட்டை கிடைப்பது இதனால்தான்.

விளக்கும் பொறியும்

தக்காளி வயலில் காய்ப்புழுவுக்கு எக்டருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைக்க வேளாண் துறை பரிந்துரைக்கிறது. பொறியில் விழுவது ஆண் மட்டும். பொறிக்குள் வைக்கும் லூரின் செயற்கை வாசனை, வயலில் உள்ள உண்மையான பெண்களோடு போட்டி போடுகிறது. மேலே பார்த்த ஆய்வுகளின்படி அந்தப் பெண்கள் அழைப்பதும் அழைக்காமல் இருப்பதும் இருட்டையும் செடியின் பருவத்தையும் ஏற்கெனவே இணைசேர்ந்தார்களா என்பதையும் பொறுத்தது. ஆண்கள் மயங்குவது அவர்களின் வயதையும் அன்றிரவு நடந்ததையும் பொறுத்தது. ஆகவே பொறியில் விழும் ஆண்களின் எண்ணிக்கை குறைந்தால் பூச்சி குறைந்தது என்று ஒரே இரவை வைத்து முடிவு கட்டக்கூடாது. காய் பிடிக்கும் பருவத்தில் எண்ணிக்கையைத் தொடர்ந்து பார்ப்பதும் இலையில் முட்டையைத் தேடுவதும் சேர வேண்டும்.

இதே பெப்டைடுகளைப் போலியாகச் செய்து பெண்ணின் அழைப்பை அடைக்கும் மருந்து தயாரிக்கும் முயற்சியும் பல ஆண்டுகளாக நடக்கிறது. இஸ்ரேலின் மிரியம் ஆல்ட்ஸ்டைன் குழு பிபிஏஎன்னைத் தடுக்கும் மூலக்கூறுகளை உருவாக்கியது. தெளித்த பெப்டைடு பூச்சியின் தோலைக் கடப்பதும், குடலில் சிதையாமல் தப்புவதும்தான் இடர்ப்பாடு.

மருந்துக்கு முன் நம் கையில் ஏற்கெனவே இருப்பது வெளிச்சம். நெதர்லாந்தில் 2015 இல் வெளியான ஆய்வில், இரவு வெளிச்சத்தில் வைக்கப்பட்ட முட்டைக்கோஸ் அந்துப்பூச்சியின் பெண்கள் குறைவான பெரோமோன் செய்தன. அதன் கலவை விகிதமும் மாறியது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான்: ஹார்மோன் வெளியேறும் வேளையைச் சொல்லும் கடிகாரம் இருட்டைச் சாட்சியாகக் கேட்கிறது, அந்தச் சாட்சியம் அங்கே பொய்யாகிவிட்டது. அண்ணனூர் முதல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வரை விளக்குகள் நிறைந்த பகுதியில், நந்தியாவட்டையில் வளரும் பருந்து அந்துப்பூச்சியும் இரவுப் பூக்களுக்கு மகரந்தம் சுமக்கும் மற்றவையும் அதே பொய்ச் சாட்சியத்தோடுதான் வாழ்கின்றன. விளக்கை அணைத்துவிட முடியாது. ரயிலும் ஆலையும் ஓடியாக வேண்டும். ஆனால் பெண் அழைப்பது இரவு முழுவதும் அல்ல, இனத்துக்கேற்ற சில மணி நேரம்தான்; காய்ப்புழுவில் அது பெரும்பாலும் பின்னிரவு. ஒளியை வேலை நடக்கும் தரையை நோக்கி மட்டும் மறைத்துத் திருப்புவதும், ஆள் நடமாட்டம் இல்லாத பின்னிரவில் மங்க வைப்பதும் மின்கட்டணத்துக்கும் நல்லது. அப்படி மங்க வைத்த தெருவிலும் வைக்காத தெருவிலும் ஒரே இனத்துப் பெண்களின் பெரோமோனை அளந்து ஒப்பிடுவது, ஒரு கல்லூரி விலங்கியல் துறையின் ஆய்வகத்துக்கு எட்டாத வேலையும் அல்ல.